ஸ்லீப் ஆப்னியாவுக்கு மூக்கு அறுவை சிகிச்சை: ஒரு நிகழ்வு ஆய்வு

கோவைப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை நடத்தும் 46 வயது ஆண் ஒருவர், மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரான மூக்குத் தண்டின் வளைவைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுக் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு வந்தார். தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியா அவருக்குக் கடுமையான அளவில் இருப்பது ஓராண்டுக்கு முன்பே உறுதியாகியிருந்தது. அதற்காக வாங்கிய, முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை அவர் சில வாரங்களே பயன்படுத்திவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். “ஆபரேஷன் பண்ணிட்டா அந்த மெஷினே வேண்டியதில்லைங்களா டாக்டர்?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

இங்கே விவரிக்கப்படும் நோயாளி தனி ஒருவர் அல்லர். ஏறக்குறைய ஒரே வரலாற்றோடு வருகிறவர்களை ஒருவராகத் தொகுத்திருக்கிறேன். அவருடையவையாகத் தரப்படும் அளவுகள் இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகக் காணப்படும் அளவுகள். பிறருடைய ஆய்வுகளாகக் குறிப்பிடப்படுபவை மட்டும் மருத்துவ இதழ்களில் வெளியான முடிவுகள். அவருடைய கேள்விக்கு நேர்மையான விடை ‘இல்லை’ என்பதே. ஆயினும் அந்த அறுவை சிகிச்சையை அவருக்குச் செய்வது சரியான முடிவு என்பது என் கருத்து. இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

நோயாளியின் வரலாறு

பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறட்டை இருந்தது. கடைசி மூன்று ஆண்டுகளில் குறட்டை நடுவே திடீரென நின்று, சற்று நேர அமைதிக்குப் பின் பெருமூச்சோடு மீண்டும் தொடங்குவதை உடன் வந்திருந்த மனைவி கவனித்திருந்தார். “சத்தம் நின்னாத்தானுங்க எனக்குப் பயம். தட்டித் தட்டி எழுப்பி விடுவேன்,” என்றார் அவர். குறட்டையைக் காட்டிலும் அதன் நடுவே வரும் அமைதியைப் பற்றிய இந்த அச்சம், நோயறிதலுக்கு எந்தக் கருவிக்கும் குறையாத தடயம். ஆகவே குறட்டை பற்றிய புகாரை, கூடுமானவரை உடன் உறங்குபவரிடமிருந்தே கேட்டறிய வேண்டும்.

காலையில் தலைவலியோடு எழுவதும், வாய் வறண்டிருப்பதும், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதும் இருந்தன. பிற்பகலில் பட்டறையில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிடுவார். சுழலும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவருக்கு இது உயிருக்கே ஆபத்தானது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் எடுத்தும் அளவு கட்டுக்குள் வரவில்லை. பகல்நேரத் தூக்கத்தை அளவிட 1991-இல் ஆஸ்திரேலியாவின் மரே ஜான்ஸ் வகுத்த எப்வொர்த் அளவுகோலில், மொத்தம் 24 மதிப்பெண்ணுக்கு இவர் பெற்றது 15. அதில் 10-க்கு மேல் போனாலே அது இயல்புக்கு மீறிய தூக்கம்.

மூக்கைப் பற்றிக் கேட்டபோது சட்டைப் பையிலிருந்து மூக்கடைப்பை நீக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். கை பட்டுப் பட்டு அதன் லேபிள் பாதி அழிந்திருந்தது. படுக்கப் போகும்போது இரண்டு மூக்கிலும் விட்டுக்கொள்வதாகவும், அது இல்லாமல் படுக்கவே முடியாது என்றும் சொன்னார். இந்த வகைச் சொட்டு மருந்துகளைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போது மூக்கின் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கிவிடும். மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் சிறு புட்டி என்பதால் இதை மருந்தாகவே எண்ணாமல், மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுபவர்கள் மிகப் பலர். ஸ்லீப் ஆப்னியா நோயாளியிடம் இதைத் தனியே கேட்டறியாமல் மூக்கின் நிலையை மதிப்பிட முடியாது.

பரிசோதனை

எடை 88 கிலோ, உயரம் 173 செ.மீ., உடல் நிறை குறியெண் 29.4, கழுத்துச் சுற்றளவு 42 செ.மீ. டான்சில்கள் சிறியவை. நாக்கின் அடிப்பகுதி உயர்ந்து நின்றதால், வாயைத் திறந்தபோது அண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணத்தின் மேற்பகுதி மட்டுமே தெரிந்தது, உள்நாக்கு தெரியவில்லை. தாடை சற்றுப் பின்தள்ளி இருந்தது. நோயின் வேர் தொண்டையில்தான் என்பதை இந்தச் சில குறிப்புகளே சொல்லிவிடுகின்றன.

மூக்கு அடைபட்டிருந்தது என்பதிலும் ஐயமில்லை. குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்குத் துளைகளின் கீழே பிடித்தபோது வலப்பக்கம் ஆவி படிந்தது, இடப்பக்கம் ஏறக்குறைய ஒன்றும் படியவில்லை. எண்டோஸ்கோப் வழியே பார்க்கையில் மூக்குத் தண்டு இடப்பக்கம் வளைந்திருந்ததும், அதன் கீழ்ப்பகுதியில் முள் போல் நீண்ட எலும்பு முனையொன்று எதிர்ச்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்தன. வலப்பக்கத்தில் இடம் தாராளமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கீழ் டர்பினேட் எனப்படும் சதை மடிப்பு பருத்து அந்த இடத்தை நிரப்பியிருந்தது. சவ்வு வெளிறி ஈரமாக இருந்ததால் ஒவ்வாமையும் உடன் இருப்பது புரிந்தது. மூக்கில் நீர்க்கட்டிச் சதை எதுவும் இல்லை.

ஓராண்டுக்கு முன் செய்த தூக்க ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. பத்து நொடியாவது நீடிக்கும் இத்தகைய தடைகள் ஒரு மணி நேரத்தில் எத்தனை என்ற கணக்கை ஏஹெச்ஐ என்று குறிப்பிடுவது வழக்கம். பெரியவர்களில் இது 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். இவருடைய இரத்த ஆக்சிஜன் அளவு 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது. தொண்டையைத் திறந்து வைக்கத் தேவைப்பட்ட சிபாப் அழுத்தம் 13 செ.மீ. நீர் அளவு. மூக்கின் வழியே காற்றுப் போகாததால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடியைக் கொடுத்திருந்தார்கள். அந்த அழுத்தத்தில் முகமூடியின் ஓரங்களில் காற்றுக் கசிந்து கண்ணில் அடித்ததாகவும், மூச்சை வெளியே விடுவதே போராட்டமாக இருந்ததாகவும் சொன்னார். கருவியின் பதிவில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று இவரைக் கோப்பில் குறித்திருந்தார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. ஒரு துளை அடைத்து மறு துளை பாதி அடைத்த மூக்குக்குள் 13 செ.மீ. அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் யாராலும் தாங்கிக்கொள்ள முடியாது.

மூக்குக்கும் தொண்டைக்கும் உள்ள தொடர்பு

மூச்சுப் பாதை முழுவதிலும் காற்று எதிர்கொள்ளும் தடையில் பாதிக்கும் மேற்பட்டது மூக்கிலேயே உள்ளது. எலும்பும் குருத்தெலும்பும் தாங்குவதால் மூக்கு உள்ளிழுக்கப்பட்டு மூடிக்கொள்வது அரிது. அதற்குக் கீழேயுள்ள தொண்டைக்கு அத்தகைய தாங்கல் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகளே அதைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளர்கின்றன. அந்நேரத்தில் மூக்கு அடைபட்டிருந்தால் காற்றை இழுக்க நெஞ்சு கூடுதல் விசையோடு இழுக்க, தொண்டைக்குள் உறிஞ்சும் அழுத்தம் அதிகரித்து அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன. இளநீர் குடிக்கும் மெல்லிய குழாயின் அடிமுனையை விரலால் பாதி மூடிக்கொண்டு உறிஞ்சினால் குழாயின் நடுப்பகுதி தட்டையாகிவிடுவதைப் போன்றது இது.

வாயால் மூச்சு விடுவதும் இதற்கு மாற்றாவதில்லை. வாய் திறந்தால் தாடை பின்னும் கீழுமாக இறங்குகிறது. நாக்கின் அடிப்பகுதியும் அதனுடன் பின்தள்ளப்படுகிறது. நலமான சிலரை மூக்கால் மட்டுமோ வாயால் மட்டுமோ மூச்சுவிட வைத்து உறங்கச் செய்து ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், வாய்வழி மூச்சின்போது மேல் மூச்சுப் பாதையின் தடை ஏறக்குறைய இரண்டரை மடங்காக இருந்தது. அதற்கும் முன்பே, 1981-இல், நலமான ஆண்களின் மூக்கை அடைத்து உறங்கச் செய்தபோது உறக்கம் கலைந்து மூச்சுத் தடைகள் கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே 1981-இல்தான் சிட்னியில் காலின் சல்லிவனும் குழுவினரும் ஐந்து நோயாளிகளுக்கு மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைத்து, இன்றைய சிபாப் சிகிச்சையைத் தொடங்கி வைத்தார்கள். அந்தச் சிகிச்சை பிறக்கும்போதே மூக்கைத்தான் வாசலாகக் கொண்டிருந்தது என்பது இந்த நோயாளியின் பிரச்சினையைப் புரிந்துகொள்ளப் போதுமானது.

மூக்கு அடைத்தால் நோய் கூடுகிறது. எனவே அடைப்பை நீக்கினால் நோய் நீங்கிவிடும் என்று எண்ணுவது இயல்பு. தர்க்கம் சரியாகத் தோன்றினாலும் நடைமுறை அப்படி அமையவில்லை. கிரேக்க ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். மூக்குத் தண்டு வளைவும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்திருந்த 49 பேரில் 27 பேருக்கு உண்மையான அறுவை சிகிச்சையும், 22 பேருக்கு, செய்தது போல் காட்டும் பாவனைச் சிகிச்சையும் செய்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் சராசரி ஏஹெச்ஐ ஏறக்குறைய மாறவே இல்லை. 27 பேரில் நால்வருக்கு மட்டுமே குறிப்பிடத்தக்க பலன் கிடைத்தது. பலனடைந்தவர்கள் சிகிச்சைக்கு முன்பே உறக்கத்தில் பெரும்பாலும் மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர்கள். தொண்டையின் குறுகலையும், நாக்கின் பருமனையும், கழுத்துக் கொழுப்பையும், உறக்கத்தில் தளரும் தசையையும் மூக்கிலிருந்து மாற்ற இயலாது என்பதே இதற்கு விளக்கம்.

அதே மூக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் சிபாப் கருவியின் நிலை என்னவாகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த பகுப்பாய்வு வேறொரு முடிவைக் காட்டியது. தேவைப்பட்ட சராசரி அழுத்தம் 11.6-இலிருந்து 9.5 செ.மீ.க்குக் குறைந்திருந்தது. கருவியின் பதிவிலேயே பயன்பாட்டை அளந்த சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம், இரவுக்கு 3 மணி நேரம் என்றிருந்த பயன்பாடு 5.5 மணி நேரமாகியிருந்தது. அறைக்கு வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதை மட்டும் சொன்னால் தேவையானவருக்கும் சிகிச்சை மறுக்கப்படும். இரண்டாவதை மட்டும் சொன்னால் ‘ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை விற்கப்படும். இரண்டாவது நம் ஊர்களில் கூடுதலாக நடக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

சிகிச்சை

முதலில் சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. அதை ஒரேயடியாக நிறுத்தினால் முதல் வாரம் மிகக் கடினமாக இருக்கும் என்பதால், ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிவிட்டு, முதலில் ஒரு மூக்கில் நிறுத்தி, அது சீரான பின் மறு மூக்கிலும் நிறுத்தச் சொன்னோம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் ஒவ்வாமைக்கான மாத்திரையும் உடன் சேர்ந்தன. ஸ்ப்ரேயை மூக்குத் தண்டை நோக்கி அடிக்காமல், வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும் என்பதைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னோம். மூன்று மாதங்களில் வலப்பக்கம் ஓரளவு திறந்தது. இடப்பக்கம் எலும்பே வளைந்து நின்றதால் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. மருந்தைப் போதிய காலம் முயன்று பாராமல் கத்தியை எடுப்பதற்கு இத்தகைய நோயாளிகளிடம் நியாயமில்லை. ஒவ்வாமைதான் முதன்மைக் காரணம் என்றால், அறுவை சிகிச்சை கொடுத்த திறப்பும் நாளடைவில் அடைபட்டுவிடும்.

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியும் மனைவியும் சேர்ந்திருக்கையில் மூன்று செய்திகள் தெளிவாகச் சொல்லப்பட்டு, ஒப்புதல் படிவத்திலும் தமிழில் எழுதப்பட்டன: மூக்கால் மூச்சு விடுவது எளிதாகும், ஆப்னியா நீங்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, கருவியை மீண்டும் அணிந்து பார்ப்பதற்காகவே இது செய்யப்படுகிறது. அவர் முகம் வாடியது உண்மை. ஒரு வாரம் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார், வந்தார்.

ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு மூக்கு அறுவை சிகிச்சையின் ஆபத்து, கத்தி படும் இடத்தைவிட மயக்க மருந்திலும் முதல் இரவிலும்தான் அதிகம். மயக்கத்துக்கு முன் கொடுக்கும் தூக்க மருந்து தவிர்க்கப்பட்டது. மூச்சுக் குழாய் செலுத்துவது கடினமாகலாம் என்பதால் அதற்கான கருவிகள் முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டன. முழு மயக்கத்தில், வளைந்த எலும்பு முனை நீக்கப்பட்டு, குருத்தெலும்பு நடுக்கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. டர்பினேட்டின் மேற்சவ்வைச் சிதைக்காமல் உட்சதை மட்டும் குறைக்கப்பட்டது. டர்பினேட்டை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால், மூக்கு வறண்டு, திறந்திருந்தும் அடைத்தது போன்ற உணர்வு நிரந்தரமாகிவிடக்கூடும் என்பதால் இதில் கை அடக்கம் அவசியம்.

இரத்தக் கசிவை நிறுத்த இரண்டு மூக்கிலும் துணித்திரியை இறுக்கி அடைப்பது பழைய வழக்கம். ஆப்னியா நோயாளிக்கு அது மூக்கை முழுதாக மூடி, மயக்க மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும் அதே இரவில் நோயைக் கூட்டிவிடும். எனவே சவ்வின் இரு மடிப்புகளையும் கரையும் நூலால் தைத்துச் சேர்த்து, இருபுறமும் மெல்லிய சிலிக்கான் தகடுகள் மட்டும் வைக்கப்பட்டன. முழுதாக விழித்துச் சொன்னதைக் கேட்டுச் செய்த பிறகே மூச்சுக் குழாய் எடுக்கப்பட்டது. வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகள் தரப்படவில்லை. பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்து, இரவு முழுவதும் விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டிக் கண்காணிப்பு அறையில் வைத்திருந்தோம். அதிகாலையில் இருமுறை அளவு 84 வரை இறங்கியது. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்ததும் ஏறியது. சிறிய அறுவை சிகிச்சைதானே என்று அன்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த இறக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிலிக்கான் தகடுகள் ஏழாம் நாள் எடுக்கப்பட்டன. அதன்பின் உப்புநீரால் கழுவுவதும் ஸ்ப்ரேயும் தொடர்ந்தன.

விளைவு

ஆறாம் வாரத்தில் வந்தபோது நோயாளி மிகுந்த மகிழ்ச்சியோடு இருந்தார். வாய் வறட்சி போய்விட்டது, குறட்டைச் சத்தம் தணிந்துவிட்டது, காலையில் தெளிவாக எழ முடிகிறது என்றார். எப்வொர்த் மதிப்பெண் 15-இலிருந்து 10-க்கு வந்திருந்தது. நோய் போய்விட்டது என்றே அவர் நம்பினார். இந்தக் கட்டம்தான் மிகவும் கவனத்துக்குரியது. மூக்கு திறந்ததால் உறக்கத்தின் உணர்வு மேம்படுகிறது, சத்தம் குறைகிறது, வீட்டாரின் கவலையும் குறைகிறது. பரிசோதனைக்குத் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணமே போய்விடுகிறது. உள்ளே தொண்டை முன்போலவே மூடிக்கொண்டிருக்க, எச்சரித்துவந்த அறிகுறி மட்டும் அடங்கிவிடுகிறது.

மூன்றாம் மாதம் தூக்க ஆய்வு மீண்டும் செய்யப்பட்டது. ஏஹெச்ஐ 35, ஆக்சிஜனின் கடைநிலை அளவு 79 சதவீதம். இரவுக்கு இரவு இயல்பாகவே மாறும் அளவுகளை வைத்துப் பார்த்தால் 38-க்கும் 35-க்கும் இடையே வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். அறிக்கையைத் திரையில் காட்டி, ஆக்சிஜன் கோடு ஒவ்வொரு தடையின்போதும் ரம்பப் பல்லைப் போல் இறங்கி ஏறுவதை அவரே விரலால் தொட்டுப் பார்க்கும்படி விளக்கினோம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் ஏமாற்றமடைந்தாரே தவிர, ஏமாற்றப்பட்டதாக எண்ணவில்லை.

சிபாப் அழுத்தம் மறுபடி அளவிடப்பட்டபோது 10 செ.மீ. போதுமானதாக இருந்தது. பெரிய முகமூடிக்குப் பதில் மூக்கை மட்டும் மூடும் சிறிய முகமூடி தரப்பட்டது. முதல் வாரம் மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் அணிந்து பழகச் சொன்னோம். ஈரப்பதமூட்டியும் இணைக்கப்பட்டது. ஆறு மாதங்கள் ஆனபின் கருவியின் பதிவில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கருவியோடு உறங்கும்போது எஞ்சிய ஏஹெச்ஐ 3, எப்வொர்த் 5. இரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்றைப் பொதுமருத்துவர் குறைத்தார். பட்டறையில் பிற்பகல் உறக்கம் நின்றது.

இந்த அறுவை சிகிச்சையை யாருக்குச் செய்யலாம் என்பதில் என் அளவுகோல் குறுகலானது. மூக்கடைப்பே தனியாகத் தொல்லை தருவதாக இருக்க வேண்டும், அல்லது அடைப்பின் காரணமாகச் சிபாப் தோற்றிருக்க வேண்டும். பரிசோதனையில் அமைப்புக் கோளாறு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மருந்து போதிய காலம் முயன்று பார்க்கப்பட்டிருக்க வேண்டும். தூக்க ஆய்வு முன்னும் செய்யப்பட்டு, பின்னும் செய்யப்பட வேண்டும். நன்றாக மூச்சுவிடும் மூக்கில், தண்டு சற்று வளைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆப்னியாவின் பெயரால் கத்தி வைப்பதை ஏற்க முடியாது. வளைந்த மூக்குத் தண்டு பெரியவர்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதே. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கிய குழந்தைகளின் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறு. அவர்களுக்கு அடைப்பு இருக்கும் இடமே நோயின் இடம் என்பதால், அவற்றை அகற்றுவதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை.

ஓராண்டு நிறைவில் நோயாளியின் எடை 82 கிலோவாகக் குறைந்திருந்தது. கருவி இல்லாமல் செய்த தூக்க ஆய்வில் ஏஹெச்ஐ 24. கருவியை விட்டுவிடலாமா என்று மறுபடியும் கேட்டார். இன்னும் விட முடியாது என்றும், எடை மேலும் குறைந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் அளந்து பார்த்து முடிவு செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறோம். கீழ்த்தாடையை முன்னிழுத்துப் பிடிக்கும் பல் கருவி அவருடைய பின்தள்ளிய தாடைக்குப் பொருந்துமா என்று பார்க்கப் பல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். வெளியூர்ப் பயணங்களில் சிபாப் கருவிக்குப் பதில் அதை அணியலாமா என்பது, அணிந்தபடி ஒரு தூக்க ஆய்வு செய்து பார்த்த பிறகே முடிவாகும்.